அரச அலுவலகங்களில் சுற்றாடலுக்கு ஏற்ற பொருள் வாங்குவது: விலைமனுவில் என்ன எழுதலாம்?

நாரஹேன்பிட்டி92
எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு திணைக்களத்தின் வழங்கல் கிளையில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். எங்கள் மேலதிகாரி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்து, "இனி கொள்வனவு எல்லாம் சுற்றாடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்" என்று கோப்பில் குறிப்பு எழுதிவிட்டார். எப்படி என்று ஒரு வரியும் இல்லை.

இப்போது வாங்க வேண்டியவை ஏ4 தாள், டோனர், மின்விசிறி, டியூப் லைட். போன வருடக் கோப்பைப் பார்த்தால் "மின்விசிறி, 56 அங்குலம், வெள்ளை நிறம்" என்று மட்டும் இருக்கிறது. தாளுக்கு "நல்ல தரம்". மூன்று விலைமனு வரும், குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் விலை கூடியதை எடுத்தால் கணக்காய்வு ஐயவினா (கணக்காய்வாளர் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம்) வரும் என்று கிளையில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டிமழை
தங்கச்சி, பொருளை விடுங்கள். முதலில் அந்தக் குறிப்பை எத்தனை பிரதி எடுத்து எத்தனை கிளைக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.

ஓய்வூதியன்
பிள்ளை, பயப்பட ஒன்றும் இல்லை. நான் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐயவினாவுக்குப் பதில் எழுதியே முடி நரைத்தது.

"குறைந்த விலைதான் எடுக்க வேண்டும்" என்பது அலுவலகங்களில் வாய்வழியாக வரும் சட்டம். அரச கொள்வனவுக்கான 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டியிலும் சரி, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதியதிலும் சரி, அப்படி மொட்டையாக இல்லை. கேட்ட நிபந்தனைகளுக்கு அமைந்த விலைமனுக்களை முதலில் பிரித்தெடுத்து, அவற்றுக்குள்தான் மதிப்பிட்ட விலை குறைந்ததைப் பார்க்க வேண்டும். ஆகவே முழு விடயமும் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதில் இருக்கிறது. "56 அங்குலம், வெள்ளை" என்று கேட்டால் வெள்ளையாக உள்ள எந்தக் குப்பையும் தகுதி பெறும். "35 வாட்டுக்கு மேற்படக் கூடாது" என்று கேட்டால் 75 வாட் விசிறி விலை ஒப்பிடும் மேசைக்கே வராது. அதில் பெறுகைக் குழு யாருக்கும் சலுகை காட்டவில்லை, ஐயவினாவுக்கும் இடமில்லை.

விலைமனுவைத் திறந்த பிறகு "இது சுற்றாடலுக்கு நல்லது" என்று இரண்டாவது ஆளுக்குக் கொடுத்தீர்களோ, அப்போது நானே ஐயவினா எழுதுவேன். முன்பே சொல்லாத நிபந்தனையைப் பின்னால் கொண்டுவரக் கூடாது.

இன்னும் இரண்டு. வியாபாரப் பெயர் எழுதாதீர்கள், தவிர்க்கவே முடியாவிட்டால் "அல்லது அதற்குச் சமமான" என்று சேருங்கள். புறக்கோட்டையில் ஒரே ஒரு கடையில் இருக்கும் பொருளுக்கு அளவெடுத்த மாதிரி விபரக்குறிப்பு எழுதினால் அதுவும் பெயர் எழுதியது போலத்தான். கேட்பதற்கு முன் மூன்று பேராவது தரக்கூடியதா என்று விசாரித்து, அந்தக் குறிப்பைத் திகதியோடு கோப்பில் வையுங்கள். பிறகு எவர் வந்து கேட்டாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

மின்கணக்கு
ஐயா சொன்ன விசிறிக்குக் கணக்கைப் போடுகிறேன். பழைய வகைச் சீலிங் விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவில் இழுக்கும். பிஎல்டிசி என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை மோட்டார் உள்ளது 30 வாட் அளவில். வித்தியாசம் 45 வாட். நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 240 வேலை நாள் என்றால் ஒரு விசிறிக்கு 86 அலகு. ஓர் அலகுக்கு 30 ரூபா என்று வைத்தாலும் ஏறக்குறைய 2,600 ரூபா. உங்கள் மின்பட்டியலில் உள்ள விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். நூறு விசிறி உள்ள கட்டடத்துக்கு வருடம் 8,640 அலகு.

டியூப் லைட்டும் அப்படித்தான். 36 வாட் குழாயும் இரும்பு சோக்கும் சேர்ந்து 45 வாட் வரை போகும், எல்இடி 18 வாட்.

சிக்கல் வேறிடத்தில். விசிறி வாங்கும் காசு மூலதனச் செலவுத் தலைப்பில் வருகிறது, மின்பட்டியல் மீண்டெழும் செலவில், அதாவது அன்றாடச் செலவுத் தலைப்பில். வாங்குகிறவர் மிச்சம் பிடித்ததை வேறு மேசையில் இருப்பவர்தான் அனுபவிப்பார். வழங்கல் கிளைக்கு மின்பட்டியலைக் கண்ணாலும் காட்டுவதில்லை. அதனால்தான் விலை கூடிய விசிறி அங்கே வீண்செலவாகத் தெரிகிறது. ஒரு வருட மின்பட்டியலின் பிரதியைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் போடுங்கள், அரைவாசி வாதம் அதோடு முடியும்.

பின்குறிப்பு: பெரிய மண்டபத்துக்கு ரிமோட்டில் மட்டும் ஓடும் பிஎல்டிசி வாங்காதீர்கள். ஒருவர் தன் தலைக்கு மேல் உள்ளதை நிறுத்த அழுத்தினால் பக்கத்து வரிசை முழுவதும் நிற்கும். ரிமோட் யாருடைய லாச்சிக்குள் போனது என்று பிறகு தேட வேண்டும். சுவர் ஆளியிலும் வேகம் மாற்றக்கூடியது என்று கேளுங்கள்.

மலிபன்வீதி
இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்குப் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. நான் காகிதாதி வியாபாரம், அரச அலுவலகங்களுக்கு வழங்குநராகப் பதிந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பதைத்தான் நாங்கள் இறக்குகிறோம். "ஏ4, நல்ல தரம்" என்று கேட்டுவிட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், நான் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாளைப் போட்டு என்ன செய்வது? பக்கத்துக் கடைக்காரர் 70 போடுவார், அவருக்குப் போகும். 80 என்று எழுதினாலும் உறையில் 80, உள்ளே 70 என்று அனுப்புகிறவர்களும் உண்டு. களஞ்சியத்தில் ஒரு தராசு வையுங்கள். 500 தாள் உள்ள ஏ4 ரீம் 80 ஜிஎஸ்எம் என்றால் இரண்டரைக் கிலோ நிற்க வேண்டும். 70 என்றால் 2.2 கிலோவும் வராது. பொருள் பொறுப்பேற்கும்போது நாலு ரீமை நிறுத்துப் பார்த்தால் போதும், அடுத்த முறை யாரும் விளையாட மாட்டார்கள்.

மீள்சுழற்சித் தாள் கேட்டு இதுவரை எனக்கு வந்த விலைமனுக் கோரல் மிகக் குறைவு. நான் துணிந்து ஒரு பலேட் இறக்கினால் அது என் கடையிலேயே மஞ்சளாகும்.

காசு தருவதையும் கொஞ்சம் பேசுங்கள். திறைசேரியிலிருந்து கட்டுநிதி (செலவுக்கு விடுவிக்கும் பணம்) வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அந்த வட்டியை விலையில்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் காசு தரும் அலுவலகத்துக்கு நல்ல தாளைக்கூட பழைய விலைக்குக் கொடுக்கலாம்.

பம்பலப்பிட்டிமழை
முதலாளி சொன்னது நியாயம். ஆனால் எல்லோரும் எதை வாங்குவது என்றே பேசுகிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் நேற்று நடந்தது: ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அச்சிட்டார்கள். கோப்பில் போட்டுக் குறிப்பு எழுதினார்கள். குறிப்போடு போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் அதைத் திரும்ப அச்சிட்டுத் தன் கோப்பில் போட்டார். இதற்கு மீள்சுழற்சித் தாள் வாங்கினால் என்ன, தங்கத்தாள் வாங்கினால் என்ன?

மேலே இருப்பவர்கள் ஓடிய வாகனங்களையும் யாராவது கணக்கில் எடுங்கள். ஜனாதிபதி செயலகத்தின் சொகுசு வாகனங்களை 2025இல் ஏலம் விட்டார்கள். அதுவரை அவை குடித்த எண்ணெயில் எத்தனை விசிறி ஓடியிருக்கும்.

வாழைச்சேனையான்
தாள் என்ற பேச்சு வந்தபடியால் எங்கள் ஊர் ஆலையைச் சொல்லாமல் விட முடியாது. வாழைச்சேனை காகித ஆலை 1956இல் தொடங்கியது. வைக்கோலில் தாள் செய்த ஆலை. வயலில் எரிக்க வேண்டியதை எடுத்துப் பள்ளிக்கூடக் கொப்பியாக்கினார்கள். எங்கள் அப்பாவின் தலைமுறையில் ஊரே அந்தச் சங்குக்கு எழும்பியது. பிறகு யுத்தம், பழைய இயந்திரம், இறக்குமதித் தாளின் விலை எல்லாம் சேர்ந்து ஆலை படுத்துவிட்டது. மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது கழிவுத்தாள்தான் மூலப்பொருள்.

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள், வினாத்தாள் அச்சிடத் தாள் இல்லை என்று. அதே மாதம் இரண்டு பத்திரிகைகள் தங்கள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. டொலர் இல்லையென்றால் தாள் இல்லை. கொழும்பு அமைச்சுகள் தங்கள் கழிவுத்தாளை ஆலைக்கு அனுப்பி, அட்டையையும் உறையையும் அங்கிருந்தே வாங்கியிருந்தால் அந்த ஆலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன்.

ஓய்வூதியன்
தம்பி, உணர்ச்சி விளங்குகிறது. ஆனால் வழங்கல் கிளைக்காரிக்கு அடுத்த மாதம் பொருள் களஞ்சியத்தில் நிற்க வேண்டும். ஆலையால் தொடர்ந்து தர முடியுமா என்று எழுத்தில் வாங்காமல் அதை மட்டும் நம்பி விலைமனு கோர முடியாது.

எல்லாவற்றுக்கும் மீள்சுழற்சித் தாள் என்று பிடிவாதமும் வேண்டாம். காணிப் பதிவு, பிறப்புப் பதிவு, ஆளின் சேவைக்கோப்பு போன்றவை அறுபது எழுபது வருடம் நிற்க வேண்டியவை. அவற்றுக்கு நல்ல தாள்தான். பைல் கவர், உறை, உள்ளகக் குறிப்பு, வரைவு இதற்கெல்லாம் மீள்சுழற்சி தாராளமாகப் போதும். அதைத் தனி உருப்படியாகப் பிரித்துக் கேளுங்கள். இருபக்க அச்சு இல்லாத பிரின்டரை இனி வாங்குவதில்லை என்று ஒரு வரி எழுதினால், தாளை மாற்றாமலே தாள்செலவு குறையும்.

நாரஹேன்பிட்டி92
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. தராசு யோசனையைக் களஞ்சியப் பொறுப்பாளரிடம் சொன்னேன், சிரித்தார், ஆனால் கொண்டுவரச் சொன்னார்.

டோனர் பற்றி யாரும் சொல்லவில்லையே. எங்கள் கிளையில் விலை குறைந்தது என்று மீள்நிரப்பிய டோனர் வாங்கினோம். முதல் வாரம் சரி. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரமாகச் சாம்பல் கோடு. டோனர் தோட்டாவை (கார்ட்ரிட்ஜை) கழற்றிக் குலுக்கினால் பத்துப் பக்கம் ஒழுங்காக வரும், மறுபடி கோடு. உள்ளே தூள் கொட்டி, சிற்றூழியர் அண்ணாவின் சேர்ட் கை முழுக்கக் கறுப்பு. பிழை வந்த கடிதத்தை எல்லாம் இரண்டாம் முறை அடித்தோம். இப்போது மேலதிகாரி "மீள்நிரப்பல் வேண்டாம், ஒரிஜினல்தான்" என்கிறார். இதில் எது சுற்றாடலுக்கு ஏற்றது?

மலிபன்வீதி
தங்கச்சி, மீள்நிரப்பல் என்று ஒரே பெயரில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, ஓட்டை போட்டுத் தூளை ஊற்றி டேப் ஒட்டிக் கொடுப்பது. மற்றது, தோட்டாவைப் பிரித்து டிரம்மையும் துடைக்கும் பிளேடையும் மாற்றிச் செய்வது. உங்களுக்குக் கிடைத்தது முதலாவது, பிளேட் தேய்ந்தால் அப்படிக் கோடு வரும்.

ஒரு டோனர் எவ்வளவு என்று விலை கேட்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். கறுப்பு டோனர் எத்தனை பக்கம் அடிக்கும் என்று அளக்க ஐஎஸ்ஓ 19752 என்ற முறை இருக்கிறது, நல்ல உற்பத்தியாளர் எல்லோரும் அந்த எண்ணிக்கையைப் பெட்டியில் போடுவார்கள். அதன்படி பக்க எண்ணிக்கையைத் தர வேண்டும், கசிந்தால் மாற்றித் தர வேண்டும், வெறும் தோட்டாவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை போடுங்கள். ஓட்டை போடுகிறவர் விலைமனுவே அனுப்ப மாட்டார்.

கொலன்னாவ
நான் மீதொட்டமுல்லைக்கு மிகக் கிட்ட வளர்ந்தவள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். அந்தக் குப்பையில் கொழும்பு அலுவலகங்களின் சாப்பாட்டுப் பார்சலும் இருந்தது. அந்த வருடம் செப்டெம்பரில்தான் லன்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடையானது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் ஸ்ரோ, கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு வரை தடை.

தடை இருக்கிறது, சரி. ஆனால் கூட்டம் என்றால் இன்னும் ஆளுக்கு ஒரு 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல். பாதி குடித்துவிட்டு மூடியை முறுக்கி அப்படியே விட்டுப் போகிறார்கள். சிற்றூழியர் அவற்றை எல்லாம் ஊற்றிக் கொட்டிச் சாக்கில் கட்டுகிறார். ஒரு கூசாவும் பத்துக் கண்ணாடிக் கிளாசும் வாங்க விலைமனுகூடத் தேவையில்லை, சில்லறைக் காசில் முடியும். சோர்ட் ஈட்ஸ் கொண்டுவருகிறவரிடம் "தட்டு எங்களிடம் இருக்கிறது, பெட்டி வேண்டாம்" என்று சொல்லவும் எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

பனர் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் 5ஆம் திகதி சுற்றாடல் தினத்துக்கு ஒரு அலுவலக வாசலில் பத்தடி பிளெக்ஸ் பனர் தொங்குவதைப் பார்த்தேன். திகதி அச்சிட்டிருப்பதால் அடுத்த வருடம் அதைப் பாவிக்கவும் முடியாது. துணிப் பனர் செய்து திகதியை மட்டும் தனித் துண்டாகத் தைத்தால் என்ன?

பம்பலப்பிட்டிமழை
அக்கா, அந்தப் பிளெக்ஸை வீணாக்கமாட்டார்கள். யாருடைய வீட்டுக் கோழிக்கூட்டுக்காவது கூரையாகியிருக்கும். அலுவலகத்தில் உண்மையாக மீள்பாவனை நடக்கும் ஒரே பொருள் அதுதான்.

தகவல்கேள்
வெளியில் இருக்கும் நாங்களும் ஒன்று செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். போன வருடம் போத்தல் தண்ணீருக்கு எவ்வளவு செலவு, எத்தனை ரீம் தாள் என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். நாரஹேன்பிட்டி தங்கச்சி கோபிக்க வேண்டாம், பதில் தயாரிப்பது உங்கள் தலையில்தான் விழும்.

நாரஹேன்பிட்டி92
கேளுங்கள் அண்ணா. அப்போதாவது அந்தக் கணக்கை யாராவது கூட்டுவார்கள்.

மின்கணக்கு
வெளிநாட்டுக் கதை ஒன்று, இங்கே பொருந்துவதால் சொல்கிறேன். அமெரிக்காவில் மின்சாரம் குறைவாக இழுக்கும் கணினிகளுக்கு 'எனர்ஜி ஸ்டார்' முத்திரையை 1992இல் அறிமுகப்படுத்தினார்கள். உற்பத்தியாளர் விரும்பினால் ஒட்டலாம், கட்டாயம் இல்லை. 1993இல் கிளின்டன் ஒரு நிறைவேற்று ஆணை போட்டார்: அரசாங்கம் வாங்கும் கணினி அந்தத் தரத்துக்கு அமைய வேண்டும். அவ்வளவு பெரிய வாடிக்கையாளரை விட யாருக்கும் மனம் வரவில்லை, முத்திரை பரவிவிட்டது. ஜப்பானில் இதற்கென்றே 2000ஆம் ஆண்டில் சட்டம் செய்து அடுத்த வருடம் நடைமுறைப்படுத்தினார்கள். ஒவ்வொரு அமைச்சும் என்ன வாங்கப் போகிறோம், என்ன வாங்கினோம் என்று வருடா வருடம் வெளியிட வேண்டும்.

மலிபன்வீதி
தம்பி, அமெரிக்க அரசாங்கம் கேட்டால் தொழிற்சாலை மாறும். நாங்கள் கேட்டால் சீனாவில் ஒரு நட்டும் அசையாது.

ஆனால் ஒன்று. தொழிற்சாலை ஏற்கெனவே இரண்டு வகையும் செய்கிறது. எதைக் கொள்கலனில் ஏற்றுவது என்று முடிவெடுப்பது நானும் என்னைப் போன்ற இருநூறு பேரும். கொழும்பில் பத்து அலுவலகம் ஒரே விபரக்குறிப்பைக் கேட்டால் அதுவே எங்களுக்குப் போதும். இப்போது பத்து அலுவலகமும் பத்து விதமாகக் கேட்கிறது, எல்லாம் டிசம்பரில். வருடக் கடைசியில் காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்று பயந்து "ஒரு கிழமையில் கொண்டுவா" என்றால், கையில் உள்ளதைத்தானே தருவேன்? கையில் இருப்பது மலிவான சாமான்.

நாரஹேன்பிட்டி92
வரைவு எழுதிவிட்டேன், பாருங்கள்:

"மின்விசிறி, 56 அங்குலம், 35 வாட்டுக்கு மேற்படாதது, சுவர் ஆளியில் இயங்கக்கூடியது, காற்றளவை வழங்குநர் குறிப்பிட வேண்டும். ஏ4 தாள் 80 ஜிஎஸ்எம், பொறுப்பேற்கும்போது நிறை பரிசோதிக்கப்படும். பைல் கவர், உறை மீள்சுழற்சி அட்டையில், தனி உருப்படி. டோனர், பக்க எண்ணிக்கையோடு. டியூப் லைட்டுக்குப் பதிலாக எல்இடி 18 வாட், கழற்றும் பழைய குழாய்களை வழங்குநர் திரும்ப எடுக்க வேண்டும்."

மின்கணக்கு
காற்றளவைக் "குறிப்பிட வேண்டும்" என்றால் போதாது. வாட்டைக் குறைத்துக் காற்றே வராத விசிறியைத் தந்துவிடுவார்கள், பிறகு எல்லோரும் ஏசி கேட்பார்கள். சந்தையில் மூன்று நல்ல விசிறியின் கையேட்டைப் பார்த்து, அவற்றில் குறைந்த எண்ணைக் கீழெல்லையாகப் போடுங்கள். எல்இடிக்கு வாட்டோடு லூமன் அளவும் (எவ்வளவு வெளிச்சம் தரும் என்பது) வேண்டும், உத்தரவாதம் இரண்டு வருடத்துக்குக் குறையக் கூடாது.

பழைய குழாய் விடயம் நல்லது. அவற்றில் பாதரசம் இருக்கிறது. இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கையின்படி அந்தக் குழாய்களின் உற்பத்தியும் இறக்குமதியும் ஏற்றுமதியும் 2027க்குள் முடிவுக்கு வர வேண்டும். பாவனைக்குதவாத பொருள் என்று பழைய இரும்போடு சேர்த்து ஏலத்தில் தள்ளிவிடாதீர்கள், லொறியில் ஏற்றும்போதே உடையும்.

மலிபன்வீதி
வரைவு நன்றாக இருக்கிறது. கடைசி வரியை மட்டும் மாற்றுங்கள். பழைய குழாயைத் திரும்ப எடுத்து நான் எங்கே வைப்பது? அந்த வரி இருந்தால் மலிபன் வீதியில் ஒருவரும் விலைமனு போட மாட்டார்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் உள்ள சேகரிப்பாளர் செய்ய வேண்டிய வேலை அது.

ஓய்வூதியன்
முதலாளி சரி. அகற்றுவதைத் தனிச் சேவையாக விலைமனுக் கோருங்கள் பிள்ளை, உரிமப் பிரதி இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை குழாய்களை வந்த பெட்டியிலேயே நிறுத்தி வைத்து, எண்ணிக்கையைக் களஞ்சியப் புத்தகத்தில் பதியுங்கள். இல்லாவிட்டால் வருடாந்தப் பொருள் கணக்கெடுப்பில் "காணாமல் போன 140 குழாய்" என்று உங்களிடம் விளக்கம் கேட்பார்கள்.

நாரஹேன்பிட்டி92
வந்த பெட்டிகளை நேற்றுத்தான் பழைய கடதாசிக்காரருக்குப் போட்டார்கள் ஐயா. புதிய எல்இடி வரும் பெட்டி அளவு சரிவருமா மலிபன் அண்ணா?

மலிபன்வீதி
நாலடிக் குழாய்க்கு நாலடிப் பெட்டிதான், சரிவரும். ஆனால் எல்இடி மெல்லியதாக வந்தால் பழைய தடித்த குழாய் குறைவாகத்தான் பிடிக்கும். மீதியை அட்டை சுற்றிக் கட்டுங்கள், செவ்வாய்க்கிழமை பையனிடம் கொஞ்சம் அட்டை கொடுத்து விடுகிறேன்.